வாசல்ல தங்கிப்போன பால் பாக்கெட்

எங்க தெருவுக்குப் பால் போடுற அண்ணா மட்டும் இல்லைன்னா கீழ் போர்ஷன் ஆயா அன்னைக்கே போய்ச் சேர்ந்திருப்பாங்க. 2019 மே மாசம், அயனாவரம், வெயில் மண்டையைப் பொளந்துக்கிட்டு இருந்த நேரம். ஆயா தனியா இருந்தாங்க, பையன் ஓசூர்ல. தினமும் அஞ்சு மணிக்கு அண்ணா சைக்கிள்ல வந்து கிரில் கேட்ல தொங்குற ஒயர் பையில ஒரு பாக்கெட்டைப் போட்டுட்டுப் போவாரு, அஞ்சரைக்குள்ள ஆயா எடுத்துடுவாங்க, ஆறு மணிக்கு நம்ம யாராவது கீழ இறங்கினா பை காலியாத்தான் இருக்கும். அன்னைக்கு அவரு வந்து பார்த்தா முந்தின நாள் பாக்கெட் அப்படியே கிடக்கு, வெயில்ல உப்பிப் போய். மேல வந்து எங்க கதவைத் தட்டினாரு.

"அக்கா, கீழ ஆயா ஊருக்கு ஏதும் போயிருக்காங்களா?"

"இல்லையேப்பா, நேத்து கூட..." அம்மா அதோட நிறுத்திட்டாங்க, ஏன்னா நேத்து ஆயாவைப் பார்த்த ஞாபகம் அவங்களுக்கு இல்ல.

பூட்டை உடைச்சு உள்ள போனா பாத்ரூம் வாசல்ல ஆயா, இடுப்பெலும்பு முறிஞ்சு, ஒரு நாள் முழுக்க அப்படியே. பேச்சு இருந்துச்சு. பிழைச்சாங்க. தெருவே அண்ணாவைப் பாராட்டுது, அவருக்கோ கூச்சம். "நான் என்னக்கா பண்ணிட்டேன், பாக்கெட்டை எடுக்கல, அவ்ளோதான்"னு சொல்லிட்டு சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டாரு.

அந்த 'எடுக்கல, அவ்ளோதான்' எனக்கு மட்டும் வேற மாதிரி கேட்டுச்சு. ஏன்னா அப்போ நாலு வருஷமா நான் லேப்ல உக்காந்து மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்த புரோட்டீனோட மொத்தக் கதையும் அதுதான்.

அதோட பேரு பிங்க்-1. கலருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஒரு நீளமான பேரோட முதல் எழுத்துகள், அவ்ளோதான். நான் சேர்ந்த புதுசுல எனக்குக் கொடுத்த முதல் வேலை, நல்லா இருக்குற செல்லை எடுத்து, உடைச்சு, வெஸ்டர்ன் ப்ளாட் (புரோட்டீனை சைஸ் வாரியா பிரிச்சு, தேடுறது இருந்தா பட்டையா காட்டுற டெஸ்ட்) பண்ணி பிங்க்-1 எவ்வளவு இருக்குன்னு காட்டணும். காட்டினேன். ஒண்ணும் இல்ல. திரும்பப் பண்ணேன், ஒண்ணும் இல்ல. பிங்க்-1ஐத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி கெட்டுப்போச்சுன்னு நினைச்சு வேற வாங்க வெச்சு, அது வர ஆறு வாரம் ஆகி, அதுலயும் ஒண்ணும் இல்ல. பஸ் ரெண்டு மாறி வீட்டுக்கு வந்து அழுதிருக்கேன், சத்தியமா. அப்புறம்தான் மேடம் வந்து பக்கத்துல உக்காந்து, "காலி லேன்தான்மா சரியான பதில், இப்போ மைட்டோகாண்ட்ரியாவைக் கொஞ்சம் கெடுத்துப் பாரு"ன்னாங்க. சிசிசிபின்னு ஒரு கெமிக்கல் இருக்கு, அதைப் போட்டா மைட்டோகாண்ட்ரியாவோட மின்னழுத்தம் படுத்துடும். போட்டு சில மணி நேரம் கழிச்சு அதே ப்ளாட், 63 கிலோடால்டன் (புரோட்டீனோட எடை அளவு) இடத்துல கறுப்பா ஒரு பட்டை, அதான் பிங்க்-1. அந்த போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு.

கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ச் சொன்னாத்தான் புரியும்.

ஸ்கூல்ல மைட்டோகாண்ட்ரியான்னா 'செல்லின் ஆற்றல் மையம்', ஒரு மார்க், முடிஞ்சுது. படத்துல அவரைக்கொட்டை மாதிரி ஒண்ணு, உள்ள வளைஞ்சு வளைஞ்சு கோடு. மைக்ராஸ்கோப்ல உயிரோட பார்த்தா கொட்டையெல்லாம் கிடையாது, இடியாப்பம் மாதிரி பின்னிக்கிட்டு, நகர்ந்துக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, திரும்ப அறுந்து, நிமிஷத்துக்கு நிமிஷம் வடிவம் மாறிக்கிட்டே இருக்கும். அதுக்குன்னு சொந்தமா டிஎன்ஏ உண்டு, 16,569 எழுத்து, 37 ஜீன். ஆனா அதை வெச்சு அதால பண்ணிக்க முடியுறது வெறும் 13 புரோட்டீன். அதுக்குத் தேவையோ ஆயிரத்துக்கு மேல. மிச்சம் எல்லாம் வெளிய சமைச்சு உள்ள அனுப்பினாத்தான் ஆச்சு, மெஸ் சாப்பாட்டுல ஓடுற பேச்சிலர் ரூம் மாதிரி.

உள்ள வர்றதுக்கு வாசல் இருக்கு. வெளிச்சவ்வுல இருக்குற வாசல் பேரு டாம், உள்சவ்வுல டிம், யாரோ விளையாட்டா வெச்ச மாதிரி இருக்கும் ஆனா சீரியஸான சுருக்கம்தான். உள்ள போகவேண்டிய புரோட்டீன் ஒவ்வொண்ணுக்கும் பெரும்பாலும் தலைப்பக்கம் ஒரு அட்ரஸ் சீட்டு, அதுல பாசிடிவ் சார்ஜ் அதிகம். மைட்டோகாண்ட்ரியாவோட உள்சவ்வுக்கு ரெண்டு பக்கமும் 150லேர்ந்து 180 மில்லிவோல்ட் வரைக்கும் வித்தியாசம் இருக்கும், உள்பக்கம் நெகடிவ். அந்த இழுப்புலதான் அட்ரஸ் சீட்டு உள்ள போகுது. இதே வோல்டேஜை வெச்சுதான் செல்லு செலவழிக்கிற எரிபொருளான ஏடிபியும் தயாராகுது, இதை மொதல்ல சொன்ன பீட்டர் மிட்செலுக்கு 1978ல நோபல் குடுத்தாங்க. ஆக அந்த வோல்டேஜ் நல்லா இருந்தா மைட்டோகாண்ட்ரியா நல்லா இருக்குன்னு அர்த்தம். எங்கப்பா ரயில் பெட்டி செய்யுற ஐசிஎஃப்ல ஃபர்னிஷிங் பக்கம் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, அவர்கிட்ட இதைச் சொன்னப்ப ஒரே வரியில முடிச்சுட்டாரு: "மோட்டார் ஓடினாத்தானே தண்ணி மேல ஏறும்."

பிங்க்-1க்கும் அப்படி ஒரு சீட்டு இருக்கு. செல்லு இதை நிறுத்தாம தயார் பண்ணி வாசலுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். மைட்டோகாண்ட்ரியா ஆரோக்கியமா இருந்தா டாம் வழியா வந்து டிம் வழியா தலையை நீட்டும், உள்சவ்வுல பார்ல்னு ஒரு கத்திரி நிக்குது, அது கழுத்துல ஒரு வெட்டு வெட்டும், மிச்சத்தை வெளிய தள்ளி செல்லு நிமிஷக் கணக்குல அழிச்சுடும். இது என்ன அநியாயம், பண்ணிப் பண்ணி அழிக்கிறதான்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா பால் பாக்கெட்டை யோசிங்க. தினம் வருது, தினம் உள்ள போகுது, பை காலி. வோல்டேஜ் படுத்த வீட்டுல சீட்டை உள்ள இழுக்க ஆள் இல்ல, கத்திரி வரைக்கும் போகல, பிங்க்-1 வாசல்லயே, டாம்லயே, மாட்டிக்கிட்டு சேர ஆரம்பிக்குது. நோய் வந்த மைட்டோகாண்ட்ரியா யாருக்கும் போன் பண்ணல, கத்தல. எடுக்கல, அவ்ளோதான்.

இப்படி வாசல்ல சேர்ற பிங்க்-1 ஜோடி ஜோடியா நிக்கும், ஒண்ணுக்கு ஒண்ணு பாஸ்பேட்னு ஒரு குட்டி கெமிக்கல் துண்டை ஒட்டி முழிச்சுக்கும். அது எப்படி நிக்குதுன்னு 2025ல ஆஸ்திரேலியாவுல வால்டர் அண்ட் எலைசா ஹால் இன்ஸ்டிடியூட் ஆளுங்க படமே எடுத்துட்டாங்க, நடுவுல விடாக்-2னு ஒரு புரோட்டீன் ஜோடி, ரெண்டு பக்கமும் டாம் வாசல், அதுமேல பிங்க்-1 ஜோடி. நான் லேபை விட்டு வெளிய வந்து வருஷமாச்சு, ஆனா அந்தப் படத்தைப் பார்த்த அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பத்து வருஷம் முன்னாடி நான் நோட்டுல அம்புக்குறி போட்டு கேள்விக்குறி வெச்ச இடம் அது.

முழிச்ச பிங்க்-1 பண்ற அடுத்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. யுபிக்விட்டின்னு ஒரு குட்டி புரோட்டீன், 76 அமினோ அமிலம்தான், செல்லுக்குள்ள 'இதைத் தூக்கிப் போடு'ன்னு ஒட்டுற ஸ்டிக்கர்னு வெச்சுக்கலாம், இந்த ஸ்டிக்கர் வேலையைக் கண்டுபிடிச்சதுக்கு 2004ல நோபல். பிங்க்-1 அந்த ஸ்டிக்கர்லயே 65வது இடத்துல ஒரு பாஸ்பேட் வெச்சுடுது. ஸ்டிக்கர் மேல ஒரு சீல். இதை 2014ல, ஒரே வருஷத்துல, பல லேப் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. அந்த சீல் வெச்ச ஸ்டிக்கரைப் பார்த்தாத்தான் பார்கின்னு இன்னொரு புரோட்டீன் வரும். பார்கின் சும்மா இருக்குறப்ப தன்னைத்தானே மடிச்சு கையைக் கட்டிக்கிட்டு கிடக்கும், சீல் வெச்ச யுபிக்விட்டின் வந்து ஒட்டினா மடிப்பு தளரும், அப்புறம் பிங்க்-1 பார்கின் மேலயும் ஒரு பாஸ்பேட் வெச்சா முழுசா விரியும். விரிஞ்சதும் கண்ணுல பட்ட புரோட்டீன்லயெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டும். அந்தப் புது ஸ்டிக்கர் மேல பிங்க்-1 சீல் வைக்கும், அதைப் பார்த்து இன்னும் நாலு பார்கின் வரும், அது ஒட்டும், இது சீல் வைக்கும்... தெருவுல ஒருத்தரு அண்ணாந்து பார்த்தா பின்னாடியே நாப்பது பேரு அண்ணாந்து பார்க்குற மாதிரி. இதுக்கு எதிரா யுஎஸ்பி-30னு ஒண்ணு ஸ்டிக்கரைப் பிய்ச்சுக்கிட்டே இருக்கும், அப்பதான் சின்ன வோல்டேஜ் ட்ராப்புக்கெல்லாம் ஊரைக் கூட்டாம இருக்கும். இந்தப் பிய்க்கிற ஆளை அடக்குற மருந்தைத்தான் இப்போ மனுஷங்க கிட்ட ஆரம்பக்கட்ட ட்ரையல்ல பார்த்துக்கிட்டு இருக்காங்க.

பார்கின் ஸ்டிக்கர் ஒட்டுற முக்கியமான ஆளுங்கள்ல ஒருத்தர் மைட்டோஃப்யூசின். மைட்டோகாண்ட்ரியா ரெண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டும்னு சொன்னேன்ல, அந்த வெளிச்சவ்வு ஒட்டுற வேலை இதோடது, உள்சவ்வை ஒட்டுறது ஓபிஏ-1. மைட்டோஃப்யூசின் வகையைப் பழ ஈயிலதான் 1997ல மொதல்ல பிடிச்சாங்க. ஆண் ஈயோட விந்தணு உருவாகும்போது மைட்டோகாண்ட்ரியாவெல்லாம் ஒண்ணா ஒட்டி, மேல மேல சுத்தி, குறுக்க வெட்டின வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா ஆகும். ஜீன் கெட்டுப்போன ஈயில வெங்காயம் சரியா வரல, கலங்கலா வந்துச்சு, அதனால ஜீனுக்கே 'கலங்கின வெங்காயம்'ங்கிற அர்த்தத்துல பேரு வெச்சுட்டாங்க. ஈ ஆராய்ச்சி பண்றவங்க பேரு வைக்கிறதுல தனி ரகம்.

ஏன் ஒட்டணும்? கொஞ்சம் அடிபட்ட மைட்டோகாண்ட்ரியா நல்லதோட கலந்தா இதுல இல்லாதது அதுல இருந்து கிடைக்கும், சமாளிச்சுக்கும். பக்கத்து வீட்டுல போய் ஒரு கப் சக்கரை வாங்குற மாதிரி. ஆனா மொத்தமா கெட்டது வந்து கலந்தா? அதான் பார்கின் மொதல்ல மைட்டோஃப்யூசின்ல கை வைக்குது. ஸ்டிக்கர் ஒட்டினதும் பி-97னு ஒரு புரோட்டீன் வந்து அதைச் சவ்வுல இருந்து பிடுங்கி எடுத்துட்டுப் போகும், கெட்டது இனி யாரோடயும் ஒட்ட முடியாது. 2020ல எங்க தெருவுல ஒரு வீட்டுல பாசிடிவ் வந்ததும் கார்ப்பரேஷன்காரங்க வந்து தகரம் அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டினாங்களே, அப்போ நான் மாடியில நின்னு பார்த்துக்கிட்டே "மைட்டோஃப்யூசின்"னு முனகினேன், அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. மைட்டோகாண்ட்ரியா நரம்புக்குள்ள நகர்றதுக்கு இழுத்துட்டுப் போற மோட்டாரோட கொக்கி மைரோன்னு ஒண்ணு, அதையும் கழட்டி விட்டுடும். ஒட்டக் கூடாது, நகரக் கூடாது. அப்புறம் என்டிபி-52, ஆப்டினியூரின்னு ரெண்டு தரகருங்க ஒரு கையில ஸ்டிக்கரைப் பிடிச்சு இன்னொரு கையில பையோட சவ்வுல இருக்குற எல்சி-3ங்கிறதைப் பிடிக்க, சுத்தி அந்தப் பை வளர்ந்து, மூடி, செல்லோட குப்பை கரைக்கிற இடமான லைசோசோமுக்குப் போய் கரைஞ்சுடும். செல்லு தன் பொருளையே பை கட்டித் தின்னுற இந்த வேலைக்கு எந்தெந்த ஜீன் வேணும்னு ஈஸ்ட்ல தேடிப் பிடிச்ச ஓசுமிக்கு 2016ல நோபல். அந்த நோபல் வந்து ரெண்டு மாசத்துல, டிசம்பர் 12, வர்தா புயல். மூணு நாள் கரண்ட் இல்லாம எங்க மைனஸ் 80 ஃப்ரீசர் கரைஞ்சு என் ஒண்ணரை வருஷ சாம்பிள் போச்சு. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

இங்கதான் என் பால் பாக்கெட் உதாரணம் புட்டுக்குது. ஆயாவைத் தூக்கிட்டுப் போய் காப்பாத்தினோம். செல்லு வீட்டையே இடிச்சுடுது.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லிடணும். மேல சொன்ன அத்தனையும் அழகா தெரியுறது எங்கன்னா, தட்டுல வளர்ற செல்லுல, அதுவும் பார்கினை நம்மளே அதிகமா வெச்சு, சிசிசிபியை ஊத்தி, மொத்த மைட்டோகாண்ட்ரியாவையும் ஒரே அடியா சாய்ச்சா. 2008ல அமெரிக்காவுல ரிச்சர்ட் யூல் லேப்ல நரேந்திரா இதைத்தான் காட்டினாரு, செல்லு முழுக்கப் பரவி இருந்த பார்கின் கெட்ட மைட்டோகாண்ட்ரியா மேல போய் அப்பிக்கிறதை. அது பெரிய திருப்பம், மறுக்கல. நானும் அதைத் திரும்பப் பண்ணிப் பார்த்து, பார்கின்ல மாட்டின பச்சை வெளிச்சம் பொட்டுப் பொட்டா கூடுறதைப் பார்த்து இருட்டு ரூம்ல தனியா கை தட்டியிருக்கேன். ஆனா உடம்புக்குள்ள எவன் சிசிசிபி ஊத்துறான்? பார்கின் இல்லாத எலி பெருசா ஒண்ணும் ஆகாம ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. எலியோட மூளையில தினப்படி நடக்குற மைட்டோகாண்ட்ரியா சுத்திகரிப்பு பிங்க்-1 இல்லாமயும் நடக்குதுன்னு 2018ல காட்டிட்டாங்க. ரத்தச் சிவப்பணு முதிரும்போது மொத்த மைட்டோகாண்ட்ரியாவையும் தூக்கிப் போடுதே, அது நிக்ஸ்னு வேற ஒரு புரோட்டீன் வழியா. பால்காரர் மட்டும்தான் கவனிக்கிறவர்னு இல்ல, பேப்பர் போடுறவரும் இருக்காரு, பூக்காரம்மாவும் இருக்காங்க. பிங்க்-1ஐ எமர்ஜென்சி ஆளுன்னுதான் நான் பார்க்குறேன்.

ஆனா மனுஷனுக்கு அது இல்லாம போனா சும்மா விடாது. பார்கின் ஜீனை 1998ல ஜப்பான்ல கண்டுபிடிச்சதே இளவயசுல பார்கின்சன் நோய் (கை நடுங்கி, அசைவு மெதுவாகுற நோய்) வந்த குடும்பங்கள்ல தேடித்தான், பேரும் அதனாலதான். பிங்க்-1க்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 2004ல. ரெண்டும் ஒரே கோட்டுல இருக்குன்னு காட்டினது திரும்ப நம்ம பழ ஈ, 2006ல. பிங்க்-1 இல்லாத ஈக்கு இறக்கை தொங்கிப் போகும், பறக்காது, தசையில மைட்டோகாண்ட்ரியா ஊதிப் போயிருக்கும். அதுக்குப் பார்கினை அதிகமா குடுத்தா சரியாச்சு. பார்கின் இல்லாத ஈக்கு பிங்க்-1ஐ எவ்வளவு குடுத்தும் சரியாகல. அப்போ பிங்க்-1 முன்னாடி, பார்கின் பின்னாடி.

2021ல எங்கப்பாவுக்குப் பார்கின்சன்னு சொன்னாங்க.

சொன்னது அப்போ, ஆனா வாசல்ல பாக்கெட் அதுக்கு ரொம்ப முன்னாடியே சேர்ந்திருந்துச்சு, நாலு வருஷம் இதையே படிச்ச நான்தான் பார்க்கல. ஒரு நாள் அடுப்புல பால் தீய்ஞ்சு வீடே நாறுது, அப்பா அடுப்பு பக்கத்துலயே உக்காந்து தினத்தந்தி படிச்சுக்கிட்டு இருக்காரு, ஒண்ணும் தெரியல அவருக்கு. மூக்கு அடைச்சிருக்குன்னு விட்டுட்டோம். வாசனை போறது கை நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாடியே வரலாம். அவரோட வரவு செலவு நோட்டு இருக்கு, 2017 பக்கத்துல எழுத்து பட்டாணி சைஸ், 2020ல கடுகு. நடக்கும்போது வலது கை ஆடாம ஒட்டிக்கிட்டே வரும். அம்மா மட்டும் ஒரு தடவை சொன்னாங்க, "என்னங்க, கையை ஏன் இப்படி வெச்சுக்கிட்டு நடக்கிறீங்க"ன்னு. நடுக்கம் வெளிய தெரியுறதுக்குள்ள நடுமூளையில, உடம்பு அசைவைச் சீரா வைக்கிற டோபமினைப் பண்ற அந்தக் கறுப்புப் பகுதி நியூரான்கள்ல பெரிய பங்கு போயிருக்கும். அந்த நியூரான் ஏன் மொதல்ல போகுதுன்னா, ஒரு காரணம் அதோட கிளை. எலியில ஒரே ஒரு நியூரானோட கிளையை எல்லாம் சேர்த்து அளந்தா அரை மீட்டர் கிட்ட வருது, எலியே அவ்ளோ நீளம் இல்ல. அத்தனை கிளைக்கும் கரண்ட் சப்ளை பண்ணணும், ஓய்வில்லாம தானா துடிச்சுக்கிட்டும் இருக்கணும். மைட்டோகாண்ட்ரியா கொஞ்சம் தடுமாறினாலும் தாங்காது. 1982ல கலிஃபோர்னியாவுல கள்ளத்தனமா தயாரிச்ச போதை மருந்துல எம்பிடிபின்னு ஒரு கசடு கலந்து, அதைப் போட்டுக்கிட்ட இளவயசுப் பசங்க சில நாள்ல சிலை மாதிரி உறைஞ்சு போனாங்க, அந்த விஷம் போய் அடிச்சதும் மைட்டோகாண்ட்ரியாவுல வோல்டேஜ் உண்டாக்குற முதல் காம்ப்ளெக்ஸைத்தான்.

அம்மாவுக்கு வேற பயம். ஒரு நாள் ராத்திரி மெதுவா கேட்டாங்க, "ஏண்டி, நாங்க சொந்தத்துல கட்டிக்கிட்டதாலயா?" அப்பா அவங்களுக்கு அத்தை பையன். நான் உக்கார வெச்சு விளக்கினேன், நீங்க ரெண்டு பேரு கட்டிக்கிட்டதால அப்பாவுக்கு வராதும்மா, வந்தா எனக்குத்தான் வரணும், பார்கின், பிங்க்-1 ரெண்டும் அம்மா வழி அப்பா வழி ரெண்டு பக்கமும் கெட்ட காப்பி வந்தாத்தான் நோய், அதுவும் பெரும்பாலும் நாப்பது அம்பதுக்குள்ள தெரிஞ்சுடும், அப்பாவுக்கு 66, பார்கின்சன் வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த ஜீன் எதுவும் காரணமே இல்ல. எல்லாம் கரெக்டா சொன்னேன். அம்மாவுக்கு அதுல காதுல விழுந்தது "வந்தா எனக்குத்தான்" மட்டும். மறுநாள் பூரா அவங்க சாப்பிடல.

அப்பாவுக்கு, மூளைக்குப் போய் டோபமினா மாறுற லெவோடோபா மாத்திரை, ஒரு நாளைக்கு நாலு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. பருப்பு, முட்டைன்னு சாப்பிட்டா அதுல இருந்து வர்ற அமினோ அமிலமும் மருந்தும் குடல்ல ஒரே வாசலுக்கு முட்டி மோதும், மருந்து லேட்டாகும். இங்கயும் வாசல் தகராறு. ஒரு சித்தப்பா வந்து நாட்டு மருந்துக் கடையில பூனைக்காலி விதைப் பொடி வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. சிரிக்காதீங்க, அதுல இருக்குறது அதே லெவோடோபாதான், 1937ல தாமோதரனும் ராமசாமியும் நம்ம சேப்பாக்கத்துல, மெட்ராஸ் யூனிவர்சிட்டி பயோகெமிஸ்ட்ரி லேப்ல, அந்த விதையில இருந்து அதைப் பிரிச்சு எடுத்தாங்க. அப்போ டோபமினுக்கு மூளையில என்ன வேலைன்னே யாருக்கும் தெரியாது, அது தெரிய இன்னும் இருபது வருஷம் ஆச்சு. நடந்துபோற தூரத்துல கடல், உள்ள யாரோ பூனைக்காலி விதையை இடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. சித்தப்பா பொடியை டாக்டர்கிட்ட காட்டினோம், மாத்திரையோட அதையும் சேர்த்தா டோஸ் எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது, வேண்டாம்னாரு. பொடி டப்பா இன்னும் மேல் தட்டுலதான் இருக்கு.

போன வாரம் அப்பா கேட்டாரு, "அந்த மாத்திரை போட்டா உள்ள இருக்குற அந்த பேட்டரி சரியாகுமா?"

"இல்லப்பா. குறையுற டோபமினைத்தான் குடுக்குது. பேட்டரியைத் தொடாது."

"அப்ப இன்ஸ்பெக்ஷன் பண்றவன், ரிஜெக்ட் சீட்டு ஒட்டுறவன், அவனுக்கு ஒண்ணும் மருந்து இல்லையா?"

"பார்த்துக்கிட்டு இருக்காங்க."

"பார்க்கட்டும். அவசரப்பட்டு எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டிட்டான்னா ஷாப்ல கோச் எது ஓடும்"னாரு. யுஎஸ்பி-30 பத்தி அவருக்கு நான் சொன்னதே இல்ல.

ஆயா இப்போ ஓசூர்ல பையனோட. கீழ் போர்ஷன்ல புதுசா ஒரு ஐடி தம்பி, அவன் பாக்கெட்டை எப்பவும் ஒன்பது மணிக்குத்தான் எடுக்குறான், ஞாயித்துக்கிழமை பதினொண்ணு கூட ஆகும். மொத வாரம் அண்ணா ரெண்டு தடவை மேல வந்து விசாரிச்சாரு, இப்போ பழகிட்டாரு. மணி ஆறே கால். அப்பா மாத்திரை போட்டு இன்னும் பத்து நிமிஷம் போகணும், அதுக்கப்புறம்தான் காபி. எங்க பையை அவரேதான் போய் எடுப்பேங்கிறாரு, பதினெட்டு படி, இறங்கிட்டு இருக்காரு, செருப்புச் சத்தம் கேக்குது.